ஐந்து வெள்ளிக்குப் போன போர்வை

பழம்பொருள் என்றதும் அரசர்களின் வாளும் பொற்காசும் தந்தச் சிலையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஏழை எளியவர் அன்றாடம் புழங்கிய பொருள்களையும் பெரும் விலை கொடுத்துச் சேகரிக்கிறார்கள் என்றால் வியப்பாக இல்லையா? அமெரிக்காவில் இப்பழக்கம் எப்படி வளர்ந்தது என்பதை இன்று பார்ப்போம்.

இப்பொருள்களை நாட்டுப்புறக் கலைப்பொருள்கள் என்கிறோம். ஓவியப் பள்ளிக்கூடம் போகாத தச்சரும் கொல்லரும் குயவரும் குடியானவரும் வீட்டுப் பெண்களும் தங்கள் தேவைக்குச் செய்தவை இவை. காற்றின் திசையைக் காட்டக் கூரைமேல் நிறுத்திய செம்புச் சேவல், சுருட்டுக் கடை வாசலில் நின்ற மரப் பொம்மை, பழந்துணித் துண்டுகளை இணைத்துத் தைத்த போர்வை ஆகியவை சில எடுத்துக்காட்டுகள்.

நெடுங்காலம் இவற்றை யாரும் கலை என்று கருதவில்லை. எலெக்ட்ரா வெப் என்னும் செல்வர் வீட்டுப் பெண் இளம் வயதிலேயே ஒரு சுருட்டுக் கடைப் பொம்மையை வாங்கி வந்தபோது, ஐரோப்பிய ஓவியங்களைச் சேகரித்து வந்த அவருடைய தாயார் திகைத்துப் போனாராம். அதே எலெக்ட்ரா வெப் 1947-இல் வெர்மான்ட் மாநிலத்தில் ஷெல்பர்ன் அருங்காட்சியகத்தை நிறுவினார். அதற்கு முன்பே, 1932-இல், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் சாமானிய மக்களின் கலைக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது.

சேகரிப்போர் எவற்றைக் கவனிக்கிறார்கள்? முதலாவது, பழைய சாயம். மங்கியிருக்கிறதே என்று புதுச் சாயம் பூசினால் மதிப்புக் குறைந்துவிடும். இரண்டாவது, தேய்மானம். கை பட்ட இடமே தேய்ந்திருக்க வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால், பழையதுபோல் காட்டச் செய்த போலியோ என்று ஐயப்படுவார்கள். மூன்றாவது, செய்தவர் யார், எந்த வீட்டில் இருந்தது என்னும் வரலாறு.

காட்டு வாத்துகளை அருகில் வரவழைக்க வேட்டைக்காரர்கள் நீரில் மிதக்கவிட்ட மர வாத்துகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. மசாசூசெட்ஸ் மாநிலத்து எல்மர் குரோவல் தாம் செதுக்கிய மர வாத்துகளில் தம் பெயர் முத்திரையைச் சுட்டுப் பதித்தார். அவர் செய்த பறவைகளில் இரண்டு, 2007-இல் ஒவ்வொன்றும் பத்து லட்சம் அமெரிக்க வெள்ளிக்கு மேல் விலை போயின. அப்போது குரோவல் மறைந்து 55 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி, இன்றைய உரையின் முக்கியமான செய்திக்கு வருவோம்.

ஹேரியட் பவர்ஸ் என்னும் பெண்மணி 1837-இல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். அடிமை முறை 1865-இல் ஒழிந்தபின் கணவரோடு சிறு நிலத்தில் பயிரிட்டு வாழ்ந்தார். விவிலியக் கதைகளைத் துணி உருவங்களாக வெட்டித் தைத்து, ஒரு போர்வை செய்தார். 1886-இல் ஏதென்ஸ் நகரப் பருத்திக் கண்காட்சியில் அதைக் கண்ட ஓவிய ஆசிரியை ஜென்னி ஸ்மித் விலைக்குக் கேட்டார். என்ன விலை தந்தாலும் கொடுப்பதற்கில்லை என்றார் ஹேரியட்.

சில ஆண்டுகள் கழிந்தன. குடும்பத்தில் பணமுடை. கணவரும் வற்புறுத்தவே, மாட்டு வண்டியில் ஆசிரியை வீட்டு வாசலில் வந்து நின்றார் ஹேரியட். மடியில், மாவுச் சாக்கில் பொதிந்த போர்வை. கேட்டது 10 வெள்ளி, கிடைத்தது 5 வெள்ளி. கொடுக்குமுன் ஒவ்வொரு கட்டத்துக்கும் பொருள் சொன்னார். ஆசிரியை அதை எழுதி வைத்துக்கொண்டார். பெற்ற பிள்ளையைப் பார்க்க வருவதுபோல், பின்னரும் பலமுறை வந்து அந்தப் போர்வையைப் பார்த்துச் சென்றார் ஹேரியட்.

இன்று அது வாஷிங்டன் நகரில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் தைத்த இன்னொரு போர்வை பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் கைவேலையில் நமக்குத் தெரிந்தவரை எஞ்சியிருப்பவை இந்த இரண்டுமே.

நேயர்களே, இதில் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பெரும் விலை எப்போதும் பின்னால் வந்தவர்களுக்கே போய்ச் சேர்கிறது. செய்தவருக்கு மிஞ்சுவது பெயர் ஒன்றுதான். அருங்காட்சியகங்களில் எத்தனையோ அழகிய பொருள்களுக்குக் கீழே, செய்தவர் பெயர் தெரியவில்லை என்றே எழுதியிருக்கிறது. ஹேரியட் பவர்ஸின் பெயர் அப்படி மறையாமல் போனதற்கு, அவர் சொன்னதை ஒருவர் உடனே எழுதி வைத்ததும் ஒரு காரணம் அன்றோ?

உங்கள் வீட்டிலும் பாட்டி தைத்ததோ தாத்தா செதுக்கியதோ ஏதேனும் ஒன்று இருக்கலாம். அது விலை போகுமா என்பது வேறு கேள்வி. யார் செய்தது, எந்த ஆண்டு, எதற்காக என்று அவர்களையே கேளுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளையை ஒரு தாளில் எழுதச் சொல்லி, அந்தப் பொருளோடு சேர்த்து வையுங்கள். சொல்வதற்கு அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.