லீசு வீடு: வாடகை இல்லையென்றால் வட்டியும் இல்லையா?



இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள நம் மஹல்லாக்களில் வீடு தேடிச் செல்பவரிடம் தரகர் முதலில் கேட்பது, "வாடகைக்கா, லீசுக்கா?" என்பதுதான். ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்து, இரண்டு மூன்று ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது முழுத் தொகையையும் திரும்பப் பெறுவதே லீசு. இதற்குப் போக்கியம் என்பது பழைய பெயர். தென்மாவட்டங்களில் ஒத்தி என்பர்.

துறைமுகத்திலும் மணலி, எண்ணூர் ஆலைகளிலும் பணிபுரியும் நடுத்தரக் குடும்பத்தார் இதை நாடுவதன் காரணம் நாம் அறியாததன்று. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ இரயில் வந்தது. பயணம் எளிதாயிற்று, வாடகையும் ஏறியது. அரசின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெரும்பாலும் ஏழைகளுக்கு உரியவை. வங்கிக் கடனோ வட்டியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். இரண்டுக்கும் இடையில் நிற்பவர் மனைவியின் நகையை விற்றும், வளைகுடாவிலிருக்கும் மைத்துனரிடம் கைமாற்று வாங்கியும் ஒரு தொகையைத் திரட்டி லீசுக்குப் போகிறார். வட்டியைத் தொடாமல் குடியிருக்கிறோம் என்ற நிம்மதியும் அவருக்கு உண்டு. அந்த நிம்மதி சரிதானா என்பதே நம் கேள்வி.

கொடுத்த பணம் குறையாமல் திரும்பி வரவேண்டும் என்பது ஒப்பந்தம். அப்படியாயின் அது வாடகையன்று, விலையுமன்று, கடன். வீடு அதற்கு ஈடு. ஈடு வைப்பது, அதாவது ரஹ்ன், ஷரீஅத்தில் ஆகுமானதே. அல்பகரா அத்தியாயத்தின் 283ஆம் வசனம் அதைப் பேசுகிறது. நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது அவர்களுடைய போர்க்கவசம் வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. ஆனால் ஈட்டுப் பொருளைப் பிடித்து வைத்திருப்பது வேறு. அதை அனுபவிப்பது வேறு. மாதம் பத்தாயிரம் வாடகை பெறும் வீடொன்றில் ஆறு லட்சம் கொடுத்து மூன்றாண்டுகள் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 3,60,000 ரூபாய் பெறுமான பயனை அனுபவித்துவிட்டு, ஆறு லட்சத்தையும் அவர் திரும்பப் பெறுகிறார். ரொக்கமாகக் கைக்கு வராததால் இதை யாரும் வட்டி என்று அழைப்பதில்லை; அவ்வளவே.

கடன்பட்டவர் ஒரு சுமை வைக்கோலை அன்பளிப்பாகத் தந்தாலும் வாங்க வேண்டாம், அது வட்டி என்று அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் அபூபுர்தா (ரஹ்) அவர்களை எச்சரித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. வைக்கோலுக்கே இந்த நிலை!

'வீட்டுக்காரரே மனமுவந்து அனுமதிக்கிறாரே' என்பர். ரொக்கக் கடனில், கொடுத்தவருக்குப் பயன் உண்டு என நிபந்தனையிடுவதை நான்கு மத்ஹபுகளும் மறுக்கின்றன. வாய்விட்டுச் சொல்லாவிடினும், பயனை எதிர்பார்த்தே மக்கள் கடன் கொடுப்பதால் வழக்கமும் நிபந்தனையாகவே கருதப்படும் என்ற கருத்தை இமாம் இப்னு ஆபிதீன் (ரஹ்) (மறைவு 1836) ரத்துல் முஹ்தாரில் எடுத்தெழுதியுள்ளார்கள். வேறு சிலர், அடகு வைத்த பிராணிக்குச் செலவு செய்பவர் அதில் சவாரி செய்யலாம் என்ற ஹதீஸைக் காட்டுவர். 'செலவு செய்பவர்' என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. வீடு தீனி கேட்பதில்லை!

மாற்றுக் கருத்தே இருந்ததில்லை என்று கூறுவது நியாயமாகாது. புகாரா மக்கள் கடனில் மூழ்கியபோது, பணத்தைத் திருப்பித் தந்தால் சொத்தைத் திருப்பித் தரும் 'பைஉல் வஃபா' என்ற விற்பனையை ஹனஃபி அறிஞர்கள் பலர் தேவை கருதி ஏற்றனர். உதுமானியரின் மஜல்லா சட்டத் தொகுப்பும் அதை ஏற்றது. எனினும் 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, அது பயன் தரும் கடனே, கூடாது என்று முடிவு செய்தது. அந்த முடிவே நமக்குப் பேணுதலானது.

மார்க்கம் ஒருபுறமிருக்க, பணத்தின் பாதுகாப்பு என்ன? வீட்டுக்காரர் அத்தொகையில் மாடி கட்டுகிறார், அல்லது மகளுக்குத் திருமணம் முடிக்கிறார். திருப்பித் தர, அடுத்த லீசுக்காரர் வரவேண்டும். அவர் வராவிட்டால் குடியிருப்பவர் வெளியேறவும் முடியாது, பணமும் வராது. வீடு முன்பே வங்கியில் அடமானமாக இருந்து, ஏலத்திற்கு வந்த பின்னரே விஷயம் தெரியவருவதும் உண்டு. சொத்து மாற்றுச் சட்டத்தின்படி நூறு ரூபாய் முதல் எந்தப் போக்கிய அடமானமும் பதிவு செய்யப்பட வேண்டும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய லீசு, வீட்டின் மீது அந்த உரிமையைத் தராது. தென்கொரியாவில் 'ஜொன்சே' எனும் இதே முறையில் ஏமாந்தவர்கள் பெருகி, 2023இல் அவர்களுக்கென்று தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

வழி உண்டு. பதினொரு மாத வாடகையை முன்கூட்டியே மொத்தமாகக் கொடுத்து, அதற்காக வாடகையைக் குறைத்துப் பேசிக்கொள்வது ஆகுமானது. அது கடனன்று, திரும்பி வராத வாடகை. ஏற்கெனவே லீசில் இருப்போர் இன்றிலிருந்து நியாயமான வாடகையை நிர்ணயித்து, கொடுத்த தொகையில் மாதந்தோறும் கழித்து, மீதியைக் காலி செய்யும்போது பெறலாம். இதில் குடியிருப்பவருக்கு இழப்பு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆகவே நம் ஜமாஅத்தில் நான்கைந்து வீடுகள் வைத்திருப்போர், மெட்ரோவைக் காட்டி வாடகையை ஏற்றுமுன் சற்று யோசிக்க வேண்டும். வீட்டுக்காரருக்கும் இம்முறையில் ஆதாயமுண்டு: ஆறு லட்சத்தை ஒரே நாளில் புரட்ட வேண்டிய நெருக்கடி அவருக்கில்லை.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி குடியிருப்பு வீட்டுக்கான முன்வைப்புத் தொகை மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். கடனை எழுதிக்கொள்ளப் பணிக்கும் வசனமே (2:282) குர்ஆனில் மிக நீண்ட வசனம். எனவே பணம் கொடுக்குமுன் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுங்கள். தொகை, தேதி, மாதக் கழிவு ஆகியவற்றை எழுதி, இரு சாட்சிகளின் கையொப்பம் பெறுங்கள். வீட்டுக்காரர் உங்கள் மாமாவாகவே இருந்தாலும் சரி.