ஃபியூஸ் வயரைக் காக்கும். நம் உயிரைக் காப்பது எர்த்



விருத்தாசலம் என்றாலே பீங்கான்தான் நினைவுக்கு வரும். பொம்மைகள் மட்டுமல்ல, வீட்டு மெயின் போர்டில் செருகும் வெள்ளை ஃபியூஸ் கட்டைகளும் இவ்வூரில் தயாராகின்றன. அந்த ஃபியூஸ் இருந்தால் ஷாக்கிலிருந்து தப்பிவிடலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு.

5 ஆம்பியர் ஃபியூஸ் அந்த அளவைத் தாண்டினால்தான் உருகும். மனித உயிரைப் பறிக்க 0.1 ஆம்பியரே போதும். ஃபியூஸ் காப்பது வயரைத்தான்.

எர்த் ஏன் வேண்டும்?

வாஷிங் மெஷினுக்குள் ஒரு வயர் உரசி, அதன் இரும்பு உடலில் மின்சாரம் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். எர்த் சரியாக இருந்தால் மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால், ஈரக் கையோடு தொடுபவரின் உடல்தான் அதற்கு வழி.

எர்த் குழி தோண்டினால் மட்டும் போதாது. கோடையில் மண் காய்ந்து, எர்த்தின் தடை 50 ஓம் ஆகிவிட்டால், 230 வோல்ட்டில் 4.6 ஆம்பியர்தான் பாயும். 5 ஆம்பியர் ஃபியூஸ் அப்போதும் உருகாது! எனவே எர்த்துடன் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் அவசியம். சிறு கசிவு ஏற்பட்டாலும் அது நொடிப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

• எர்த் குழாய் குறைந்தது 2.5 மீட்டர் நீளமும் 40 மி.மீ. விட்டமும் உள்ள ஜி.ஐ. குழாயாக இருக்கட்டும். சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றி வாருங்கள்.

• பச்சை எர்த் வயர் ஒவ்வொரு பிளக் பாயின்ட்டுக்கும் வர வேண்டும். அதை நியூட்ரலுடன் முடிச்சுப் போட விடாதீர்கள்.

• மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் மாற்றுங்கள்.

• எர்த்தின் தடையை உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு கருவியால் அளக்கச் சொல்லுங்கள்.

டிவி, ஃபிரிட்ஜைக் காக்கும் சர்ஜ் புரொடெக்டரும் அதிக மின்னழுத்தத்தை மண்ணுக்குத்தான் திருப்புகிறது. எர்த் இல்லாவிட்டால் அது பெரும்பாலும் வீண் செலவே. இடி மின்னல் நெருங்கும் முன்பே பிளக்கைக் கழற்றிவிடுவது இன்னும் பாதுகாப்பு.

வளைகுடாவில் உழைத்து அனுப்பும் பணத்தில் டைல்ஸுக்கு லட்சக்கணக்கில் செலவிடுகிறோம். எர்த்துக்குச் சில ஆயிரம் என்றால் யோசிக்கிறோம். உறங்கும் முன் நெருப்பை அணைத்துவிடச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். நம் வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் காக்கும் முயற்சியைச் செய்துவிட்டு, அல்லாஹ்வின் மீது தவக்குல் வைப்போம்.