ஒரே எடை, வேறு வேறு உடம்பு

விடியற்காலையில் ஸ்ரீரங்கம் உத்திர வீதிகளைச் சுற்றி நடப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "எங்க அப்பாவுக்கு சுகர், தாத்தாவுக்கும் சுகர். எனக்கு மட்டும் வராம போயிடுமா?" என்று யாராவது ஒருவர் கேட்பார். அந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி பலருக்குச் சரியாகச் சொல்லப்படவே இல்லை.

ஒரே உயரமும் ஒரே 85 கிலோ எடையும் உள்ள இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு மூன்றும் ஏறியிருக்கும். மற்றவருடைய ரிப்போர்ட்டில் எல்லாம் அளவோடு இருக்கும். கொழுப்பு எங்கே தங்குகிறது என்பதுதான் இதற்கு முக்கியக் காரணம். தொடையிலும் தோலுக்கடியிலும் தங்கும் கொழுப்பு அதிகத் தொந்தரவு தருவதில்லை. அங்கே இடம் போதாமல் கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் சேரும்போதுதான் இன்சுலின் தன் வேலையைச் செய்யத் திணறுகிறது.

எங்கே தங்கும் என்பதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. 2011-ல் வெளியான ஓர் ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. ஐ.ஆர்.எஸ்.1 என்ற மரபணுவுக்கு அருகில் உள்ள ஒரு வேறுபாடு உடல் கொழுப்பைக் குறைக்கிறது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால், அதைச் சுமப்பவர்களுக்கு ட்ரைகிளிசரைடு கூடுதலாகவும் இன்சுலின் செயல்பாடு மோசமாகவும் இருந்தன. தோலுக்கடியில் சேமிக்கும் திறன் குறைந்ததன் விளைவு அது. "ஒல்லியாகத்தானே இருக்கிறேன்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

அதிகம் பேசப்படும் மரபணு எஃப்.டி.ஓ. 2007-ல் ஐரோப்பியர்களிடம் நடந்த ஆய்வில், இதன் ஒரு வகையைத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், அந்த வகை அறவே இல்லாதவர்களைவிடச் சுமார் 3 கிலோ கூடுதல் எடையோடு இருந்தார்கள். நம் மக்களுக்கும் இது பொருந்துமா? சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 26,001 பேரை வைத்துத் தொடங்கிய 'க்யூர்ஸ்' ஆய்வு இதற்குப் பதில் தந்தது. தென்னிந்தியர்களிடமும் எஃப்.டி.ஓ. வேறுபாடுகளுக்கும் உடல்பருமனுக்கும் தொடர்பு இருப்பதை 2011-ல் அந்தக் குழு பதிவு செய்தது.

வெறும் 3 கிலோதான் என்பதைக் கவனியுங்கள். 20 கிலோ கூடியதற்கெல்லாம் பரம்பரை மேல் பழி போட முடியாது. 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் திரட்டிய இன்னோர் ஆய்வு, உடலுழைப்பு உள்ளவர்களிடம் எஃப்.டி.ஓ.வால் வரும் பருமன் ஆபத்து ஏறத்தாழ 27 சதவீதம் குறைவதாகச் சொன்னது. உத்திர வீதியில் போடும் ஒவ்வொரு சுற்றுக்கும் மதிப்பு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' என்று மருத்துவர்கள் சொல்வதும் இதைச் சார்ந்ததுதான். பெரிய வயிறு, உயர் ரத்த அழுத்தம், வெறும் வயிற்றில் 100-ஐ எட்டிய சர்க்கரை, 150-ஐ எட்டிய ட்ரைகிளிசரைடு, குறைந்த நல்ல கொழுப்பு ஆகிய ஐந்தில் மூன்று இருந்தால் அந்தப் பெயர். இந்தியர்களுக்கு வயிற்றுச் சுற்றளவின் எல்லை ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ.

இந்த நிலையிலிருந்து திரும்ப முடியும். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களிடம் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு நோய் வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் யாரும் மரபணுவை மாற்றிக்கொள்ளவில்லை.

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சுகர் இருக்கிறதா? வீட்டில் தையல் டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின், வயிற்றை உள்ளிழுக்காமல் அளந்து பாருங்கள். எல்லையைத் தாண்டியிருந்தால், திருச்சி அரசு மருத்துவமனையிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சர்க்கரையோடு ரத்தக் கொழுப்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.