உடைந்த டைல்ஸும் ஒரு கதை சொல்லும்!

வீட்டில் டைல்ஸ் மாற்றினால் மிஞ்சும் உடைசலை என்ன செய்வீர்கள்? "சாக்குல கட்டி வாய்க்கால் ஓரமா போட்டாச்சு" என்பதுதான் பலரின் பதில். அந்த உடைசலில் இருந்தே ஒரு பெரிய பூங்கா உருவாகியிருக்கிறது, தெரியுமா?

சண்டிகரில் சாலை ஆய்வாளராக அரசு வேலை பார்த்தவர் நேக் சந்த். 1950-களின் இறுதியில், வேலை முடிந்ததும் உடைந்த வளையல், டைல்ஸ், பீங்கான் துண்டுகளைச் சைக்கிளில் கொண்டுபோய், காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் சிலைகள் செய்தார். அரசு நிலம், அனுமதி கிடையாது. 1970-களில் அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். இடித்திருக்கலாம். ஆனால் 1976-ல் 'ராக் கார்டன்' எனப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1984-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இப்படித் துண்டுகளை ஒட்டிச் செய்வதுதான் மொசைக். இதை எப்படி ரசிப்பது?

முதலில் பத்தடி தள்ளி நின்று முழுப் படத்தையும் பாருங்கள். பிறகு கிட்டப் போய் (அல்லது போனில் ஜூம் செய்து) ஒவ்வொரு துண்டும் முன்பு என்னவாக இருந்தது என்று யோசியுங்கள். கடைசியாக, 'இந்தப் பொருள் இந்தப் படத்துக்கு ஏன்?' என்று கேளுங்கள். அழகு மட்டுமல்ல, செய்தியும் அங்கேதான் இருக்கிறது.

நம்ம அதிராம்பட்டினத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கி.மீ. பரப்பு, 2022-ல் நாட்டின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடற்புல்லை மேய்ந்து வாழும் கடற்பசு வலையில் சிக்கினால், மூச்சு விட மேலே வர முடியாமல் இறந்துவிடும். கரையில் ஒதுங்கிய கிழிந்த வலையையும் கண்ணாடித் துண்டுகளையும் கொண்டே ஒரு கடற்பசுவைச் சுவரில் உருவாக்கினால், விளக்கப் பலகையே வேண்டாம்!

நீங்களும் செய்யப்போகிறீர்களா? சில விஷயங்களைக் கவனியுங்கள்:

* பவளப்பாறைத் துண்டுகளை எடுக்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி அது குற்றம்.
* வெயில் படும் இடத்தில் பிளாஸ்டிக் ஒட்டாதீர்கள். நாளடைவில் நொறுங்கி மீண்டும் கடலுக்கே போகும். டைல்ஸ், பீங்கான், கண்ணாடி நல்லது.
* கண்ணாடியைக் கையுறை போட்டே கையாளுங்கள்.
* பொதுச் சுவர் என்றால் முதலில் நகராட்சியில் அனுமதி கேளுங்கள்.

சுவர் கிடைக்கவில்லையா? மொட்டை மாடி இருக்கே! வெள்ளை டைல்ஸ் உடைசலைப் பதித்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும்; கீழே அறையில் சூடு குறையும். வாய்க்காலுக்குப் போக இருந்த சாக்கு, மாடிக்குப் போகட்டுமே!