ஏழு நிமிஷத்துக்கு ஒரு கணக்கு

ஓமலூர் வட்டாரத்தில் பொழுது புலருமுன்பே மைதானங்களிலும் ஏரிக்கரைகளிலும் ஓடிப் பழகும் வாலிபர்களுள் காவல்துறை உத்தியோகத்தை நாடி உழைப்பவர்கள் உண்டு. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள்ளும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்துக்குள்ளும் ஓடி முடிக்க வேண்டுமென்று தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் விதித்திருக்கிறது. ஆனால் மழைக்கு ஒதுங்கி ஜிம்மில் டிரெட்மில் ஏறிப் பழகினால், அந்த இயந்திரம் காட்டுவது மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்னும் வேகத்தையே. அதை நிமிஷக் கணக்காக மாற்றத் தெரியாதவர், எவ்வளவு பிரயாசைப்பட்டாலும், தம் அப்பியாசம் இலக்கை எட்டிற்றா என்பதை நிச்சயமாக அறிய மாட்டார்.

மாற்றும் முறை சுலபமானது. 60-ஐ வேகத்தால் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நிமிஷங்கள் கிடைக்கும். ஓட்டக்காரர்கள் பேஸ் என்பது இதைத்தான். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்துக்குப் பேஸ் 5 நிமிஷம். வேகம் 11 ஆனால் விடை 5.45 என வரும். இதை 5 நிமிஷம் 45 விநாடி என்று கொள்ளலாகாது, புள்ளிக்குப் பின்னுள்ள பகுதியை 60-ஆல் பெருக்கி, 5 நிமிஷம் 27 விநாடி என்றே கொள்ள வேண்டும்.

7 நிமிஷம் என்பது 420 விநாடி. அதை ஒன்றரைக் கிலோமீட்டருக்குப் பகிர்ந்தால் கிலோமீட்டருக்கு 4 நிமிஷம் 40 விநாடி, அதாவது மணிக்கு ஏறக்குறைய 12.9 கிலோமீட்டர். டிரெட்மில்லில் 12 வைத்துத் திருப்தியடைந்தவர் ஏழரை நிமிஷத்தில் முடித்துத் தேர்வை இழப்பார். 13 வைத்துப் பழகியவரோ சில விநாடி மிச்சத்துடன் தேறிவிடுவார்.

இன்னொரு விசேஷமும் உண்டு. வேகம் 8-லிருந்து 9 ஆனால் கிலோமீட்டருக்கு 50 விநாடி மிச்சமாகிறது. 12-லிருந்து 13 ஆனாலோ 23 விநாடிதான். ஆகவே, தேர்ச்சி பெறப் பெற நேரம் குறைவது அற்பமாகத் தோன்றினால், அதைக் கண்டு மனம் தளர்வதற்குக் காரணமில்லை. வேகத்தோடு சீரும் வேண்டும். 2019-இல் வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிஷம் 40 விநாடியில் ஓடிய எலியூட் கிப்சோகேயும், கிலோமீட்டருக்கு 2 நிமிஷம் 50 விநாடி என்னும் பேஸைச் சிதறாமல் காத்தே அதைச் சாதித்தார்.

1500 மீட்டர் ஓடும் ஆண்களுக்கு, மைதானத்தில் 400 மீட்டர்ச் சுற்று ஒவ்வொன்றுக்கும் எல்லை 1 நிமிஷம் 52 விநாடி. முதற்சுற்றில் ஆவேசமாகப் பாய்ந்து மூச்சிழக்காமல், ஒவ்வொரு சுற்றையும் 1 நிமிஷம் 50 விநாடியில் சீராக ஓடிப் பழகுங்கள். 7 விநாடி கையிருப்போடு தேர்வை முடிக்கலாம்.