டார்ச் லைட்டிலிருந்து வந்த பெட்டி

உங்களுக்குத் தெரியுமா?

ஆரம்பகால மின்சிகரெட்டுகளில் சார்ஜ் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதில் சலித்துப்போன பிரிட்டனின் டெட் ரோஜர்ஸ், மேட் ரோஜர்ஸ் இருவரும் டார்ச் லைட்டைப் பிரித்துப் போட்டு, 2008-இல் 'ஸ்க்ரூடிரைவர்' என்ற கருவியை உருவாக்கினார்கள். மின்சிகரெட்டைத் தாங்களே மாற்றியமைக்கும் 'மாட்' கலாச்சாரத்தின் தொடக்கம் அதுதான். பிறகு வந்தவர்கள் கிட்டார் பெடலுக்கான அலுமினியப் பெட்டியை வாங்கி, கை டிரில்லால் துளையிட்டு, அரத்தால் ராவி, ஈயப்பற்று வைத்து வீட்டிலேயே 'பாக்ஸ் மாட்' செய்தார்கள்.

சிக்கல் மின்னோட்டத்தில் இருக்கிறது. முழு சார்ஜில் ஒரு லித்தியம்-அயான் செல் 4.2 வோல்ட் தரும். மின்சிகரெட்டில் சூடேறும் சுருளின் மின்தடை 0.5 ஓம் என்றால் 8.4 ஆம்பியர் பாயும், ஏறக்குறைய 35 வாட். சாதாரணச் சிறு பொத்தான் இதற்குக் கருகிவிடும். அதனால்தான் சுமையை மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரிடம் விட்டார்கள். அதைவிடப் பயங்கரமானது, செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய பிளாஸ்டிக் உறை. செல்லின் உலோக உடல் முழுவதுமே எதிர்முனை. நேர்முனையின் விளிம்பருகே உறை கிழிந்து அங்கே ஓர் உலோகம் இரு முனைகளையும் சேர்த்துத் தொட்டாலே ஷார்ட் சர்க்யூட். சில நொடிகளில் செல் கொதித்து வெடிக்கலாம். 2018-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு மின்சிகரெட் கருவி வெடித்து ஒருவர் உயிரிழந்தார்.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி மின்சிகரெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம்.