விருப்ப ஓய்வுக்குப் பின்: வீடு, தோட்டம், பொழுது

'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தில்லிக்கு ரயிலேறி வந்ததே அந்த உத்தியோகத்துக்காகத்தான். ஐம்பதைத் தாண்டியதும் அந்த உத்தியோகமே 'போதும், வீட்டுக்குப் போகலாம்' என்று சொல்லிவிட்டால்?

இது யாரோ ஒருவர் இருவர் கதை அல்ல. 2000-2001இல் பொதுத்துறை வங்கிகளில் இருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் விருப்ப ஓய்வில் வெளியேறினர். 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல். நிறுவனத்தில் 78,000க்கும் அதிகமானோரும், எம்.டி.என்.எல்.லில் 14,000க்கும் அதிகமானோரும் ஒரே நாளில் ஓய்வு பெற்றனர். எல்லோரும் 50 வயது நிறைந்தவர்கள். அவர்கள் முன்னால் இன்னும் 25, 30 ஆண்டுகள் இருந்தன. அது உத்தியோகம் பார்த்த காலத்துக்குச் சமம் அல்லவா!

முதலில் கணக்கு

மொத்தமாகப் பணம் கைக்கு வந்ததும் வீட்டை இடித்துக் கட்டும் ஆசை வரும். ஓர் ஆறு மாதம் பொறுங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு வயது 60 என்றாலும், 55 வயதுக்கு மேல் விருப்ப ஓய்வு பெற்றவர்களும், ஓய்வுக்காலப் பணம் கிடைத்த 3 மாதத்துக்குள் சேரலாம். வருங்கால வைப்பு நிதியின் ஓய்வூதியத்தை 50 வயதிலேயே வாங்க முடியும். ஆனால் 58க்குக் குறையும் ஒவ்வொரு ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு விழும். கையில் வேறு வழி உள்ளவர்கள் அவசரப்பட வேண்டாம்.

வீடு யாருடைய ராஜ்யம்?

இருபத்தைந்து வருடம் காலை எட்டரைக்குப் பஸ் பிடிக்க ஓடியவர், திடீரென்று பத்து மணிக்குச் சமையலறை வாசலில் நின்று, "பருப்பை ஏன் இந்த டப்பாவில் வைத்திருக்கிறாய்?" என்று கேட்டால் என்ன ஆகும்? வீட்டுக்கு வீடு நடக்கும் சண்டை இது. பெண்கள் ஓய்வு பெற்றால் நிலைமை இன்னும் மோசம். "அம்மா இப்போது வீட்டில்தானே இருக்கிறாள்" என்று எல்லா வேலையும் அவர்கள் தலையில் விழும். ஓய்வு என்பது பெயரளவில்தான்.

ஆகவே முதல் வாரத்திலேயே வேலையைப் பிரித்துக்கொள்வது நல்லது. ஏப்ரலில் கூலரின் புல் தட்டியை மாற்றுவது, சீசன் முழுதும் வாரம் ஒரு முறை அதன் தண்ணீரைக் கொட்டிக் கழுவி டெங்குக் கொசுவைத் தடுப்பது, ஜூனில் மழைக்கு முன் மாடித் தண்ணீர்க் குழாயின் அடைப்பை எடுப்பது, தீபாவளிக்கு முன் ஜன்னலுக்கு வர்ணம் அடிப்பது எல்லாம் கணவர் பொறுப்பு என்று இருக்கட்டும். கூலிக்கு ஆள் தேடும் அலைச்சலும் மிச்சம்.

தொட்டியில் ஒரு தோட்டம்

நம் ஊர் ஆடிப் பட்டம் இங்கே வெண்டைக்கும் பீர்க்கைக்கும் சரிப்படும். மற்றபடி தில்லித் தோட்டத்துக்குப் பொற்காலம் அக்டோபர் முதல் பிப்ரவரி வரைதான். கொத்துமல்லி, வெந்தயக் கீரை, பாலக், முள்ளங்கி எல்லாவற்றையும் அக்டோபரில் விதைத்தால் பொங்கல் வரை கடைக்குப் போக வேண்டாம். மே, ஜூன் மாதங்களில் அனல் காற்று வீசும். பச்சை வலைத்துணி கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும்.

கறிவேப்பிலைதான் நம்மவர்களைப் பயமுறுத்தும். ஜனவரிக் குளிரில் இலை மஞ்சளாகி உதிர்ந்து, குச்சியாக நிற்கும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள்! வெயில் படும் சுவரோரம் நகர்த்தி, தண்ணீரைக் குறையுங்கள். பிப்ரவரிக் கடைசியில் நுனியைக் கிள்ளி எருப் போட்டால் மார்ச்சில் தளிர்க்கும். மல்லிகையை ஜனவரியில் கவாத்து செய்தால் ஏப்ரலில் மொட்டு விடும்.

ஒரு கன அடி ஈர மண் 45 கிலோவுக்குக் குறையாது. பத்துப் பெரிய தொட்டி என்றால் அரை டன்னை நெருங்கும். எனவே தொட்டிகளைச் சுவரை ஒட்டி வையுங்கள், கைப்பிடிச் சுவர்மேல் வேண்டாம். மண்ணோடு மக்கிய எருவும் தென்னைநார்த் தூளும் சம அளவு கலந்தால் எடையும் குறையும். அடியில் தட்டு வைத்தால் கீழ்வீட்டாரோடு சண்டையும் வராது.

விதைக்கு நமக்கு அருகிலேயே பூசா இருக்கிறது. பீகாரின் பூசாவில் 1905இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம், 1934 பூகம்பத்தில் இடிந்து, 1936இல் தில்லிக்கு வந்தது. பூசா ஜ்வாலா மிளகாய், பூசா சவானி வெண்டை எல்லாம் அங்கே பிறந்தவை. இடம் மாறியும் வேர்விட்ட நிறுவனம் அது, நம்மைப் போலவே!

கைக்கும் மனத்துக்கும்

தோட்டம் காலை ஒரு மணி நேரம்தான். மிச்சப் பொழுதுக்கு ஏதாவது ஒரு வித்தை வேண்டும். கீர்த்தி நகரில் மரமும் சாவ்ரி பஜாரில் ஆணி, கீல்களும் வாங்கி ஒரு புத்தக அலமாரி செய்து பாருங்கள். பாதியில் விட்ட வீணையைத் தூசி தட்டி எடுங்கள். தமிழ் எழுதத் தெரியாத அக்கம்பக்கத்துக் குழந்தைகள் நாலு பேரை உட்கார வைத்து 'அ, ஆ' சொல்லிக் கொடுங்கள். எதுவானாலும் நாளும் நேரமும் குறித்துச் செய்யுங்கள்.

ஊருக்கே போய்விடலாமா?

ஒவ்வொரு வீட்டிலும் எழும் கேள்வி இது. பிளாட்டை விற்றுவிட்டுப் போனபின் மனம் மாறினால் திரும்ப வாங்குவது கடினம். பூட்டி வைத்தோ வாடகைக்கு விட்டோ, ஊரில் ஒரு கோடையும் ஒரு ஐப்பசி மழையும் இருந்து பார்த்து முடிவு செய்யுங்கள். எங்கே இருந்தாலும் சரி, காலையில் எழுந்ததும் நமக்காக ஒரு வேலை காத்திருக்க வேண்டும். அது ஒரு தொட்டிச் செடிக்குத் தண்ணீர் விடுவதாக இருந்தாலும் போதும்.